அடி

"மூணாவது ஸ்பீக்கரும் போச்சுங்க்கா," என்று நல்லசிவம் கிழிந்த ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தார்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. கார்களுக்கு ஒலிப்பெட்டி செய்யும் அவருடைய பட்டறை அது. நல்லசிவம் அங்கேதான் தொழில் கற்று, பிறகு தனிக்கடை போட்டார். தன்னைவிட ஏழு வயது இளையவரை இன்னும் அக்கா என்றே அழைக்கிறார்.

"அதே கார்தானா?"

"அதேதாங்க. எம் மச்சான் கார்."

"ஓட்டைப் பெட்டியா, மூடின பெட்டியா?"

"ஓட்டைப் பெட்டிங்க. நீங்க சொன்ன அளவுலதான் ஓட்டை விட்டேன்."

"சப்சானிக் ஃபில்டர்?"

நல்லசிவம் ஸ்பீக்கரைச் சற்று நகர்த்தி வைத்தார்.

"மொத ஸ்பீக்கர் போனப்பவே ஃபில்டரைப் போடுங்கன்னு சொன்னேன். தலையை ஆட்டினீங்க. ரெண்டாவதுக்கும் சொன்னேன். அப்பவும் ஆட்டினீங்க."

"அது கீழ்ச் சத்தத்தை வெட்டிப்புடுங்க்கா. அவனுக்கு நெஞ்சுல இடிக்கிற அடி வேணும். பரிமாறின கையாலயே இலையை எடுக்கச் சொல்றீங்க."

"இலையில ஏதாச்சும் மிச்சம் இருந்தாத்தான?"

"புரியலைங்க."

"தெரியும்."

நல்லசிவம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுவும் போச்சுன்னா போர்டைக் கழட்டிருவேன். நான் போட்ட ஸ்பீக்கர் நிக்காதுன்னு மச்சான் ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்கான். நேத்து ஒரு வண்டி வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு. நீங்க என்னடான்னா விடுகதை போடுறீங்க."

ஜெசிந்தா பெருமூச்சு விட்டார். மூலையில் ஸ்பீக்கர் பொருத்தி இருந்த ஓட்டைப் பெட்டியைக் காலால் இழுத்தார். ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை ஒலிக்கவிட்டார்.

மேசை அதிர்ந்தது. ஓட்டையிலிருந்து வந்த காற்று தரையிலிருந்த மரத்தூளைத் தள்ளியது.

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. "இதுதாங்க அடி."

"ஸ்பீக்கரைப் பாருங்க. எவ்வளவு அசையுது?"

அவர் குனிந்து பார்த்தார். "அசையவே காணோமே."

"ஓட்டையோட சுருதி இது. காத்து வேலை செய்யுது, அது சும்மா இருக்குது. இப்பப் பாருங்க."

ஜெசிந்தா சுரத்தை இன்னும் கீழே இறக்கினார்.

மேசை அடங்கியது. சத்தம் நின்றது. ஆனால் ஸ்பீக்கர் கரையில் போட்ட மீனாகத் துள்ளத் தொடங்கியது.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலைங்க."

"நல்லாக் கேளுங்க."

"கேக்கலைங்க்கா. எதுக்கு இந்த ஆட்டம் ஆடுது?"

"புடிச்சு நிறுத்த ஆளில்லை. மூடின பெட்டின்னா உள்ள இருக்கிற காத்து புடிச்சுக்கும். இதுல ஓட்டை போட்டது யாரு?"

துள்ளல் கூடியது.

"அக்கா, நிறுத்துங்க."

"ஏன்? அடி வேணும்னீங்களே."

"பிஞ்சுருங்க. நிறுத்துங்க."

ஜெசிந்தா நிறுத்தவில்லை. ஆம்ப்ளிஃபயரை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

டக்.

ஸ்பீக்கருக்குள்ளே கம்பிச்சுருள் போய் அடித்தட்டில் மோதிய சத்தம்.

"அடி கேட்டுதா?" என்றார் ஜெசிந்தா.

நல்லசிவம் எழுந்து பாய்ந்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்த ஃபில்டரின் திருகைப் பற்றி, ஓட்டையின் சுருதிக்குச் சற்றே கீழே கொண்டுவந்து நிறுத்தினார்.

ஸ்பீக்கர் அடங்கியது.

"இப்ப எதை வெட்டினீங்க?"

நல்லசிவம் பெட்டியருகே காதை வைத்தார். முன்பும் நிசப்தம். இப்போதும் அதே நிசப்தம்.

சட்டைப்பையில் செல்போன் ஒலித்தது. மச்சான்.

"மாமா, கடைசியாக் கேக்குறேன். அடி நல்லாருக்குமா, இருக்காதா?"

நல்லசிவம் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் கிழிந்த ஸ்பீக்கரைக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடி இருக்கும் மச்சான். ஸ்பீக்கர்தான் இனி அடிபடாது," என்றார்.