மூன்று வாசல் வளையும் உருண்டை அடுப்பும்

“சுற்றுங்க! நிறுத்தாம சுற்றுங்க! நெருப்பு அணையுது!”

கோரை கத்தினாள். அவள் புருஷன் சிலுப்பன் என்கிற முள்ளம்பன்றி, அடுப்பின் கைப்பிடியைச் சுற்றினான். வலது கை ஓய்ந்தது. இடது கையால் சுற்றினான். அதுவும் ஓய்ந்தது. விசிறி ‘கிர்ர்’ என்று முனகிவிட்டு நின்றது. அவ்வளவுதான்! மொத்தப் புகையும் வளைக்குள் திரும்பியது.

கோரை தன் இரண்டு குட்டிகளையும் மூக்கால் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே புல் முழுக்க உறைபனி. மலைமேட்டுச் சோலைக்காட்டில் மார்கழி விடியல் அப்படித்தான். குட்டிகள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முள் இன்னும் கெட்டிப்படாமல், நனைந்த துடைப்பம் மாதிரி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. சின்னது நடுங்கிய நடுக்கத்தில் அழக்கூட மறந்துவிட்டது.

“இன்னொரு விடியல் இப்படிப் போனா சின்னது தாங்காதுங்க,” என்றாள் கோரை.

அது சிலுப்பனுக்கும் தெரிந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

“அடுப்பு நல்ல அடுப்புதான். உருண்டைதான் நமத்துப்போச்சு.”

நல்ல அடுப்பாம்! அது வீட்டுக்கு வந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

முந்தாநாள் காலை, புனுகன் என்கிற மரநாய் அதை இழுத்துக்கொண்டு வந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பங்களா ஒன்று உண்டு. அங்கிருந்து கிளப்பிய சரக்கு. இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடி, மேலே ஒரு தொட்டி. மரத்தூளை அழுத்திச் செய்த உருண்டைகளைத் தொட்டியில் கொட்ட வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் உருண்டைகள் ஒவ்வொன்றாக நெருப்பில் விழும், விசிறி ஊதும். உருண்டை பார்க்க மான் புழுக்கை மாதிரியே இருக்கும். விறகு பொறுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், பளபளப்பு வேறு.

“பங்களாக்காரங்க ஸ்வெட்டரையே கழற்றிப் போட்டாங்கன்னா பார்த்துக்குங்க அண்ணே!” என்றான் புனுகன்.

“அங்கே யார் கைப்பிடியைச் சுற்றினது?” என்று கோரை கேட்டாள்.

“கரண்ட் சுற்றிச்சு அண்ணி.”

“இங்கே கரண்ட் எங்கே இருக்கு?”

“அதான் அண்ணன் இருக்காரே! கையைப் பாருங்க. மலையையே தோண்டின கை!”

சிலுப்பனின் முள் பூ மாதிரி விரிந்தது. புகழ்ந்தால் மூளையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடும் ரகம் அவன்.

“புகை எந்த வழியா போகும்?”

“குழாய் வழியா.”

“குழாய் எங்கே?”

“அது பங்களாச் சுவரோட சேர்ந்தது அண்ணி, பெயர்க்க முடியலை. உங்களுக்கு எதுக்குக் குழாய்? மூணு வாசல் வச்ச வீடாச்சே!”

“உருண்டையை எங்கே வைக்கிறது? இங்கே மண்ணே ஈரம் கசியுது.”

“ஓரமா வைங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது.”

“உன் பொந்தில் இப்படி ஒண்ணு வச்சிருக்கியா?”

புனுகன் விழுந்து விழுந்து சிரித்தான். “எனக்கு எதுக்கு அண்ணி? மேல் முழுக்க ரோமம் இருக்கே!”

பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். விற்கிறவனே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். ஆனால் சிலுப்பன் காதில் இன்னும் ‘மலையையே தோண்டின கை’தான் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு நாள் எரிச்சுப் பார்ப்போம். நம்ம வளைக்கு ஒத்து வந்தா வாங்குவோம்,” என்றாள் கோரை.

“எரிச்சுப் பாருங்க, நல்லா பாருங்க. ஆனா கேளையாடு கேட்டு வச்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள வந்து தூக்கிட்டுப் போயிடும்,” என்றான் புனுகன்.

கேளையாட்டுக்கு வீடே கிடையாது! புதரடியில் படுக்கிற மான் ஜாதி. அடுப்பை வாங்கி எங்கே வைக்கும், கொம்பிலா? அதைக்கூட சிலுப்பன் யோசிக்கவில்லை. குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த வள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் புனுகன் முன்னால் உருட்டி விட்டான்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டக் காவல்காரர் குளிர்காய்ந்து விட்டுப்போன கணப்பிலிருந்து தணல் எடுத்து வந்து பற்ற வைத்தார்கள். எரிந்தது. பொய் சொல்லக்கூடாது, கண்ணாடிக்குப் பின்னால் அழகாகவே எரிந்தது. ஆனால் முதல் வாசலில் நுழைந்த காற்று சூட்டையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் வாசல் வழியாகப் போய்விட்டது. அவசரத்தில் வந்த விருந்தாளி மாதிரி, சூடு அந்த வீட்டில் உட்காரவே இல்லை. குட்டிகள் நடுங்கின. வளைக்குள் வேர்த்தது ஒரே ஆளுக்கு, கைப்பிடியைச் சுற்றியவனுக்கு.

“பார்த்தியா கோரை, எப்படி வேர்க்குது! அடுப்புன்னா இது அடுப்பு!” என்றான் அந்த அறிவாளி.

மறுநாள் மூடுபனி உள்ளே புகுந்து உருண்டைகளைக் களியாக்கியது. ஈர உருண்டை எரியுமா? புகைந்தது. புகைந்துதான் இன்று இந்தக் கதி.

“நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க,” என்றாள் கோரை, குட்டிகளை வயிற்றடியில் அணைத்துக்கொண்டு. “ரெண்டு வாசலை அடைச்சுடுவோமே.”

ஜிவ்வென்று முள் எழுந்தது சிலுப்பனுக்கு.

“அடைக்கிறதா? ஊர் என்ன சொல்லும்? ஒத்தை வாசல்காரன்னு சொல்லும்! உன்னைப் பெண் கேட்டு வந்தப்போ உங்க அப்பா முதல்ல எதை எண்ணினார்? வாசலைத்தானே?”

அது உண்மைதான். முள்ளம்பன்றிகள் சம்பந்தம் பேசினால் முதலில் வாசலைத்தான் எண்ணும். மூன்று இருந்தால்தான் பேச்சு. இரண்டு என்றால் மூக்கைச் சுளிக்கும். ஒன்று என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போகும். ஏன் மூன்று என்று மட்டும் எதுவும் யோசிக்காது.

“சிறுத்தை வந்தா எந்தப் பக்கம் ஓடுவே?” என்று மறுபடி சீறினான்.

“சிறுத்தை எப்பவோ வரும். குளிர் தினமும் வருதுங்க!”

அப்போது அந்த வழியாகச் செதிலி வந்தான். செதிலி ஓர் அலங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், ஒரு மயிர் கிடையாது. எறும்பு தின்றுவிட்டுத் தூங்கப் போய்க்கொண்டிருந்தவன் புகையைப் பார்த்து நின்றான்.

“என்ன சிலுப்பா, வீட்டுக்குள்ள வாழைத்தார் வச்சுப் புகை போடுறியா? எப்போ பழுக்கும்?”

“போடா! வசதியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ரோமமும் இல்லை, அடுப்பும் இல்லை. வளைக்குள்ள போவேன், பின்னாலேயே வாசல்ல மண்ணைத் தள்ளுவேன், தூங்குவேன். என் வசதி அவ்வளவுதான்.”

“பயந்தாங்கொள்ளி! கதவைச் சாத்திட்டுப் படுக்கிறவன்!”

“ஆமாம்ப்பா, பயம்தான். குளிருக்குப் பயம். நீ தைரியசாலி. உன் குட்டி மூக்கு நீலமாகுது, தைரியமா பார்த்துக்கிட்டிரு!”

சிலுப்பனுக்குச் சுருக்கென்றது. திரும்பிக் குட்டியைப் பார்த்தான். அந்த ஒரு கணம் அவன் நல்லவனாக மாறியிருக்கலாம். அதற்குள் கோரை பேசிவிட்டாள்.

“அண்ணா, எங்களுக்கு இடம் கிடைக்குமா?”

“பழைய வளை சும்மாதான் கிடக்கு. ஒத்தை வாசல். மூக்கைச் சுளிக்காம இருந்தா வாம்மா.”

“குட்டி பிழைச்சா போதும், மூக்கு எக்கேடும் கெடட்டும்!” என்று கோரை கிளம்பிவிட்டாள். ஒரு வார்த்தை புருஷனைக் கேட்கவில்லை. இரண்டு குட்டிகளும் அவளுக்கு முன்னால் உருண்டன.

சிலுப்பன் அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். பின்னாலேயே போனால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே! ஜெயித்துக் காட்டிவிட்டுத்தான் போவது என்று நினைத்தான். நேராகப் புனுகனிடம் போனான். புனுகன் வள்ளிக்கிழங்கு மென்றுகொண்டிருந்தான். அது யாருடைய கிழங்கு என்று சொல்லவேண்டியதில்லை.

“சூடு நிக்கலைடா,” என்றான் சிலுப்பன்.

“விசிறி சின்னது அண்ணே! பங்களாவில் பெரிசு ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வரவா?”

“கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லையே.”

“முதுகுல இவ்வளவு முள் வச்சுக்கிட்டு இல்லைங்கிறீங்களே! நீளமா பார்த்து ஒரு பிடி கொடுங்க, போதும்.”

சற்று முன்பு சிறுத்தை, சிறுத்தை என்று அலறியவன், சிறுத்தையை விரட்டுகிற முள்ளைத் தானே பிடுங்கிக் கொடுத்தான்! அதுவும் முதுகிலேயே நீளமான முட்களை. இதற்கு மேல் என்ன சொல்ல?

பெரிய விசிறி வந்தது. சுற்ற இரண்டு மடங்கு பலம் வேண்டியிருந்தது. இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் அது இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே ஊதியது. மறுநாள் விடிகிற நேரம் சிலுப்பனுக்கு முதுகு விறைத்தது. முள் பிடுங்கிய இடத்தில் பனிக்காற்று ஊசி மாதிரி இறங்கியது. “கோரையைக் கூப்பிட்டுக் காட்டணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் சின்னதுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் போனான். அதை ஒத்துக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை.

அலங்கின் பழைய வளை மண்ணால் மூடியிருந்தது. காதை வைத்துக் கேட்டான். உள்ளே கீச், கீச் என்று சண்டை. பாலுக்கு இரண்டும் முட்டிக்கொண்டிருந்தன. சின்னதன் குரல்தான் பெரிதாகக் கேட்டது!

சிலுப்பன் மண்ணில் மூக்கை வைத்தான். “கோரை,” என்றான், மெதுவாக.

மண் கொஞ்சம் விலகியது. கோரையின் மூக்கு தெரிந்தது. அதோடு வெதுவெதுவென்று ஒரு காற்று வந்து சிலுப்பன் முகத்தில் பட்டது. மூன்று உடம்புகள் மூச்சுவிட்ட சூடு. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

“பொழைச்சுக்கிச்சுங்க,” என்றாள் கோரை. “முதுகு என்ன இப்படி மொட்டையா இருக்கு? சரி, அதை அப்புறம் பேசுவோம். உள்ளே வாங்க. நுழைஞ்சதும் பின்காலால மண்ணைத் தள்ளிடுங்க. சூடு போயிடும்.”

சிலுப்பன் வாசலைப் பார்த்தான். ஒன்று. இரண்டாவது எங்கே என்று கண் தானாகத் தேடியது. இல்லை. மேலே கிளையில் கருங்குரங்கு ஒன்று கொட்டாவி விட்டபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. போதாதா? மொட்டை முதுகில் மிச்சம் இருந்த முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

“நான் மூணு வாசல்காரன்!” என்றான், குரங்குக்கும் கேட்கும்படி. “எனக்கு அடுப்பில் வேலை இருக்கு.”

“யோவ்! உள்ளே வந்து மண்ணைத் தள்ளுய்யா!” என்று கோரை கத்தினாள்.

அவன் வரவுமில்லை, தள்ளவுமில்லை. தன் வீட்டுக்கு எது குறை என்று பாராதவன், அடுத்தவன் விற்பதையே தன் தேவை என்று நம்பிக் குளிரில் கிடப்பான்.