நகத்தின் நிறம்

மாசிலாமணி மலையேறி வந்தபோது தையல்நாயகி அம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து மூங்கில் தப்பை சீவிக்கொண்டிருந்தார். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட அந்த மலையில் அவரை மிஞ்சியவர் இல்லை. மாசிலாமணி அவரிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவர். நாற்பத்தெட்டு வயதில் இப்போது அடிவாரத்தில் சொந்தமாக ஒரு வைத்தியசாலை வைத்து ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார்.

அம்மாளை வணங்கினார்.

"முகம் சரியில்லையே" என்றார் அம்மாள்.

"குயவர் வீட்டுப் பெண் காத்தாயி வண்டியிலிருந்து விழுந்துவிட்டாள். நான் அன்றைக்கு வெளியூர் போயிருந்தேன். விடிந்ததும் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கை வீங்கிப் போய்விட்டது. கோணலாகத்தான் கூடியது. இனிமேல் அவளால் சக்கரத்தில் மண் பிடிக்க முடியாது."

"உன் பிள்ளைகள் ஆறு பேரும் எங்கே இருந்தார்கள்?"

"அவள் பக்கத்திலேயே. விசிறிக்கொண்டு."

அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

"வைத்தியப் பாட்டு தெரியாதா?"

"நூற்றெட்டுப் பாட்டும் தலைகீழாகச் சொல்வார்கள். ஒரு எழுத்து பிசகாது. நான் என்ன குறை வைத்தேன் என்றுதான் தெரியவில்லை அம்மா."

"இதுவரை எத்தனை கட்டுப் போட்டிருக்கிறார்கள்?"

"அவர்களா? ஒன்றுகூட இல்லை. தவறிப்போனால் நோயாளிக்கல்லவா கேடு? நான் போடுவதைப் பார்ப்பார்கள்."

"எத்தனை வருஷமாய்?"

"நாலு."

அம்மாள் எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டார். "வா, உன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம்."

முதல் நாள் மழை பெய்திருந்தது. வழியெல்லாம் அம்மாளுக்குக் கை கொடுத்து இறக்கிக்கொண்டு வந்தார் மாசிலாமணி. வைத்தியசாலை வாசலில் இருந்த ஓடையைத் தாண்டும்போது மாசிலாமணியின் கால்தான் வழுக்கியது. இடக்கையை ஊன்றி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

ஆறு பேரும் ஓடிவந்து தூக்கிப் பாயில் கிடத்தினார்கள்.

"வரதா, தப்பையை எடு. பொன்னுருவி, நீ துணியை..." என்று ஆரம்பித்தார் மாசிலாமணி.

"நோயாளி மருத்துவம் சொல்லக் கூடாது" என்றார் அம்மாள். "கேட்டால், எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்."

வரதன் அம்மாளைப் பார்த்துக் கைகூப்பினான். "நீங்கள் கட்டுங்கள் அம்மா."

"எனக்கு இறங்கி வந்த களைப்பு" என்று அம்மாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அசையவில்லை. மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டார். கை விம்மத் தொடங்கியது. காத்தாயி பகல் முழுக்க இப்படித்தானே கிடந்திருப்பாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பொன்னுருவி மண்டியிட்டு மணிக்கட்டுக்கு மேல் விரலை வைத்தாள். நாலு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இங்கேயா ஐயா?"

"இன்னும் மேலே."

"இங்கே?"

அவர் அலறினார்.

"பாட்டில் வேறு மாதிரி வருமே" என்றான் வரதன்.

"பாட்டை விடு. ஐயா முகத்தைப் பார்."

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நாலு தப்பை போதும் என்றான் ஒருவன். ஐந்து வேண்டும் என்றாள் இன்னொருத்தி. வரதன் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, பொன்னுருவி மணிக்கட்டைப் பற்றி மெல்ல இழுத்தாள். எலும்பு இடத்தில் உட்கார்ந்தது. துணி சுற்றி, தப்பை வைத்துக் கட்டினார்கள்.

கட்டு இறுக்கம். மாசிலாமணிக்கு உடனே தெரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு அம்மாளைப் பார்த்தார். அம்மாள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நகம் மெல்ல நீலம் பாய்ந்தது. அம்மாள் வாய் திறக்கவில்லை.

துணி முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்த பொன்னுருவி சட்டென்று நிறுத்தினாள்.

"நகம் நிறம் மாறுகிறது. அவிழுங்கள்... அவிழுங்கள்!"

அவிழ்த்தார்கள். நகத்தில் சிவப்பு திரும்பும் வரை காத்திருந்து, தளர்த்திக் கட்டினார்கள். அன்று முழுவதும் அரை நாழிகைக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வந்து அவர் நகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லி வரவில்லை.

மறுநாள் காலை அம்மாள் மலைக்குக் கிளம்பினார். மாசிலாமணி கட்டுப் போட்ட கையோடு ஓடை வரை கூட வந்தார்.

"அம்மா, கட்டு இறுகியது உங்களுக்குத் தெரியும்தானே?"

"உனக்கு முன்னாலேயே தெரியும்."

"அவள் கவனிக்காமல் விட்டிருந்தால்?"

"நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே."

"அப்படியானால் ஏன் சொல்லவில்லை?"

அம்மாள் தடியை ஊன்றி ஓடையில் கால் வைத்தார்.

"நகம் கறுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, மாசிலாமணி. அந்த நேரம் அவளுடையது."