கண்விழித்த இளவரசனும் மகுட விருந்தும்

மலைக்கு மலை ஒரு ராஜா இருந்த காலம். வேங்கைக்குன்றம் என்றொரு சின்ன நாட்டை ஆதன்வேள் என்பவன் ஆண்டுவந்தான். அவனுக்கு ஒரே மகன், பதினைந்து வயது மருதவேள். கதை இந்தப் பிள்ளையைப் பற்றியதுதான். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

அந்த நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் ராஜா தூங்கமாட்டார் என்பதே அது. பட்டத்துக்கு உரிய பிள்ளை, மீசை அரும்பும் வயதிலிருந்து இரவெல்லாம் கோட்டை மாடத்தில் விழித்திருக்க வேண்டும். பகலில் வாளும் வேலும் ஏட்டுப் பாடமும். "ராசா மகன் முழிச்சிருக்காரு, நமக்கென்ன" என்று ஊரார் காலை நீட்டிப் படுப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பட்டம் கட்டும் நாளில் இளவரசன் ஊருக்கே தன் கையால் பரிமாற வேண்டும். கடைசி இலை மடங்கும்வரை ஒரு பருக்கைகூட அவன் வாயில் படக்கூடாது. பட்டால் மகுடம் சித்தப்பா மகனுக்குப் போய்விடும். பசியை ஆளத் தெரியாதவன் நாட்டை எப்படி ஆள்வான் என்பது பெரியவர்கள் கணக்கு. இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றின் கழுத்தை மற்றொன்று பிடிக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மருதவேள் விழித்தான். விழித்தால் பசித்தது. அதுவும் சோற்றுப் பசி இல்லை. அதிரசம் வேண்டும், கருப்பட்டிப் பணியாரம் வேண்டும், நெய் சொட்டும் தேன்குழல் வேண்டும். தின்றால் இன்னும் வேண்டும். விடிந்தால் கஞ்சியைக் கண்டாலே குமட்டும். அணைந்த அடுப்பில் உலை ஏற்றினால் அரிசி வேகுமா? உறங்கும் வேளையில் உள்ளே போனதெல்லாம் வயிற்றில் அப்படித்தான் கிடந்தது. நாக்கு வறண்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது.

அந்த வருடம் அறுவடைப் பந்தியில் அவன் வடை பரிமாறிக்கொண்டு போனான். பாதிப் பந்தியில் ஒரு வடை, இலைக்குப் போகாமல் அவன் வாய்க்குப் போய்விட்டது. அவன் நினைத்துச் செய்ததல்ல, கை தானாகப் போயிற்று. ஒரு குழந்தை, "அம்மா, ராசா திங்குறாரு" என்றது. பந்தி முழுக்கத் தலை குனிந்து சிரித்தது. மருதவேளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. மானமுள்ள பிள்ளை.

மகுட விருந்துக்கோ தை மாதம் நாள் குறித்தாகிவிட்டது. அரண்மனை பதறியது. முதல் வைத்தியர் வேப்பங்கொழுந்து கொடுத்தார். கசப்புப் போக அவன் ஒரு வெல்லக்கட்டி தின்றான். இரண்டாம் வைத்தியர் மடைப்பள்ளியைப் பூட்டச் சொன்னார். ஊர்ப் பெண்கள் பாவம் பார்த்துப் பணியாரம் கொடுத்தனுப்பினார்கள். மூன்றாம் வைத்தியர் கோயிலில் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியம் இரவின் முதல் ஜாமத்தைக்கூடத் தாண்டவில்லை. 'நான் தின்னிப்பண்டாரம்தான்' என்று மருதவேளே தன்னைப் பற்றி முடிவுகட்டிவிட்டான்.

ஐப்பசியில் அவன் ஆட்டுக் கிடைகளைப் பார்த்துவர ஆற்றைத் தாண்டிப் போனான். போனவன் திரும்பமுடியாமல் வெள்ளம் வந்தது. கிடைக்காரி பேச்சியின் குடிசையில் தங்கினான். விளக்கெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது, பொழுது சாய்ந்தால் ஆடு படுக்கும், ஆட்டோடு ஆளும் படுக்கவேண்டியதுதான்.

முதல் நாள் விடிந்தபோது அவனுக்குப் பசித்தது; இரண்டு கலயம் கம்பங்கூழ் குடித்தான். இரண்டாம் நாள் பேச்சி தேனில் பிசைந்த தினைமாவு வைத்தாள். ராஜா வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறதே என்று வழிய வழிய வைத்தாள். அவன் மூன்று உருண்டை தின்று, "போதும்" என்றான்.

"ஏன் தம்பி, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. போதும்னு தோணுதுக்கா" என்றவன், தான் சொன்னதைக் கேட்டுத் தானே திகைத்தான். அந்த வார்த்தையை அவன் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்காமல் குன்றேறி நின்று யோசித்தான். மருந்து இல்லை, பூட்டு இல்லை, சத்தியம் இல்லை. தூங்கியது ஒன்றுதான் புதிது.

வெள்ளம் வடிந்ததும் நேரே அப்பாவிடம் போனான். "இனிமே நான் மாடத்துக்குப் போகமாட்டேன்ப்பா. தூங்கப்போறேன்."

ஆதன்வேளுக்கு முகம் கறுத்தது. "உங்க தாத்தா தூங்கல, நான் தூங்கல. நம்ம குலத்துக்கு அதுதான்டா பேரு."

"இத்தனை வருஷம் முழிச்சு எந்தக் கள்ளனைப் பிடிச்சோம்? காவக்காரங்க முறைபோட்டுத் தூங்குறாங்க, அவங்கதான் பிடிக்கிறாங்க."

"விருந்துல தோத்தா என்ன செய்வே? அந்தப் பேரும் போகும், மகுடமும் போகும்."

"முழிச்சா தோக்குறது நிச்சயம்ப்பா. தூங்கினா ஜெயிக்க வழியிருக்கு."

ராஜா தனியாக மாடப்படி ஏறிப் போனான். மகன் தூங்கினான். தெருவில் போனால், 'தூங்குமூஞ்சி ராசா' என்று காதுபடவே சொன்னார்கள். சித்தப்பா மகனுக்கு இப்போதே மாலை கட்டச் சொல்லலாம் என்றார்கள். மருதவேள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பொழுதோடு போய்ப் படுத்துக்கொண்டான்.

தை பிறந்தது, விருந்தும் வந்தது. காலையில் கஞ்சி குடிக்கவும் அன்றைக்கு அனுமதியில்லை. சோறு பரிமாறினான், குழம்பு பரிமாறினான், பாயசம் பரிமாறினான். கடைசியில் சித்தப்பா ஒரு அண்டா நிறைய அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த அதிரசத்தைக் கொண்டுவரச் செய்தார். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

மணம் எழும்பியது. மருதவேளுக்கு நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது, இல்லையென்று சொல்வானேன். ஊர்க்கண் முழுக்க அவன் கைமேல் இருந்தது. கை அண்டாவுக்குப் போனது, இலைக்குப் போனது. மறுபடி அண்டாவுக்கு, மறுபடி இலைக்கு. வெயில் சாயும்வரை அந்தக் கை வழி தவறவே இல்லை. கடைசி இலையும் மடங்கியது.

அப்போது மந்திரி எழுந்து தொண்டையைக் கனைத்தார். "விருந்து சரி. ஆனா இளவரசர் மாடத்துல கண்விழிக்கிற வழக்கத்தை முடிக்கலையே. ஒண்ணுல ஜெயிச்சு ஒண்ணை விட்டவருக்கு மகுடம் எப்படி?"

ஆதன்வேள் மெல்ல எழுந்து தன் தலைக் கிரீடத்தைக் கழற்றினான்.

"நாற்பது வருஷமா ராத்திரி முழிச்சேன். முழிச்சு என்ன செஞ்சேன்னு யாரும் கேக்கல. மாடத்து மூலையில அதிரசம் ஒளிச்சு வச்சுத் தின்னேன். என் விருந்தன்னைக்கு மேல்துண்டால மூடிக்கிட்டு ஒரு வாய் போட்டுக்கிட்டேன். யாரும் பாக்காததால எனக்கு இந்தக் கிரீடம். நம்ம குலத்துல இந்த விருந்தை உண்மையா ஜெயிச்ச பிள்ளைய நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். அவன் என் மகன்."

சொல்லிவிட்டு ஊர் பார்க்க அழுதான், சிரித்தான், மகன் தலையில் மகுடம் வைத்தான். தூங்குமூஞ்சி என்றவர்கள்தான் முதலில் எழுந்து நின்றார்கள். ராஜா தன் கையால் மகனுக்கு இலை போட்டுச் சோறு படைத்தான்.

பிள்ளைகளே, பெற்றவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: வளரும் வயதில் நிறையத் தூங்குகிறவனுக்குத்தான் நாக்கும் வயிறும் சொன்னபடி கேட்கும்.