பஞ்சவர்ணத்தைத் தூங்கவிட்ட கோழி

ஒரு ஊர்ல ஒரு பூக்கட்டுறவன் இருந்தானாம். அவன் பேரு தவசி. அவன் பொண்டாட்டி பேரு பஞ்சவர்ணம். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும், இல்லேன்னா அங்கேயே உக்காந்துக்கும்.

ஆங். தவசிக்கு வீட்டுலேயே வேலை. பாயை விரிச்சு, மல்லியையும் கனகாம்பரத்தையும் குவிச்சு வச்சு, நாரைச் சுத்திச் சுத்தி முடிச்சுப் போட்டுக்கிட்டே இருப்பான். பொழுது சாய, கோயில் வாசல்ல கொண்டுபோய் வித்துட்டு வருவான். பஞ்சவர்ணத்துக்கு நூல் மில்லுல ராத்திரி வேலை. ஊரே தூங்குறப்ப அவ அந்தப் பெரிய மெஷின் முன்னாடி நின்னு, அறுந்த நூலை எடுத்து எடுத்து ஒட்டணும். விடிஞ்சு வந்து, குளிச்சு, கஞ்சியைக் குடிச்சுட்டுப் பகல்லதான் தூங்குவா. அந்தத் தூக்கம் கெட்டுச்சுன்னு வையி, ராத்திரி மெஷின் முன்னாடி கண்ணு சொக்கும். கண்ணு சொக்குனா விரல் உள்ள போயிரும். அதனால தவசி பகல்ல இருமணும்னாகூட தெருவுக்குப் போய்த்தான் இருமுவான். பொண்டாட்டி மேல அம்புட்டு உசுரு.

அப்போ ஒரு நாள் பஞ்சவர்ணத்துக்குத் தலை கிர்ர்ருன்னு சுத்திருச்சு. ஆஸ்பத்திரில நர்சம்மா கண்ணு ரெப்பையை இழுத்துப் பாத்துட்டு, ரத்தமே இல்லையே தாயி, முட்டை சாப்பிடுன்னு சொல்லிட்டாங்க. தவசி ஓடிப்போய்க் கடை முட்டை வாங்கி அவிச்சுக் குடுத்தான். ஒரு வாய் வச்சா, உவ்வேன்னு கொல்லைக்கு ஓடிட்டா. கவுச்சி அடிக்குதாம். நாட்டுக்கோழி முட்டைன்னா இறங்குமாம், அதுவும் போட்ட சூடு ஆறாம இருக்கணுமாம். பெரிய மகாராணி.

"அப்ப நம்ம கொல்லையிலேயே ஒரு கோழி வளப்போம்"னான் தவசி.

"வளங்க. ஆனா எனக்கு முட்டையும் வேணும், தூக்கமும் வேணும்"னா அவ.

ம் எங்க? சரி.

அப்புறம் தவசி சந்தைக்குப் போனான். அவனுக்குக் கோழியைப் பத்தி என்ன தெரியும்? பூவைத்தான் தெரியும். அதனால பூ வாங்குற மாதிரியே அழகைப் பாத்து வாங்குனான். சாம்பக் கலரு, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி, கோலம் போட்டு அனுப்புன மாதிரி. அதுக்குப் பேரு கின்னிக்கோழி. புதுக்கோழி ஓடிப்போகாம இருக்கணும்னா, அதை உரலைச் சுத்தி மூணு சுத்து தூக்கிட்டு வரணும்னு அவங்க ஆத்தா சொல்லியிருக்கா. இவன் வீட்டுல உரலு ஏது? கிரைண்டர்தான் இருக்கு. கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சாமி சுத்துற மாதிரி கிரைண்டரை மூணு சுத்து சுத்தினான். சிரிக்கிறியா? சிரி, சிரி. சிரிச்சுட்டுக் கண்ணை மூடிக்க.

அப்புறம் கோழியைக் கொல்லையில விட்டான். வேப்பிலை ஒண்ணு விழுந்துச்சு. கெக்கெக்கெக்கே! மதில் மேல பூனை நடந்துச்சு. கெக்கெக்கெக்கே! ஒண்ணுமே நடக்கல, அதுக்கும் கெக்கெக்கெக்கே! தவசிக்கு வேத்து ஊத்துது. உஷ், உஷ்னு கையை ஆட்டிக்கிட்டு இவன் பின்னால ஓடுறான், அது கத்திக்கிட்டே முன்னால ஓடுது. கொல்லைக்கதவு திறந்துச்சு. பஞ்சவர்ணம் செவந்த கண்ணோட நிக்கிறா. முந்தானையைக் காதோட சேத்துக் கட்டிக்கிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டா. அவ நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட தவசிக்கு மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் அடுத்த சந்தையில அந்தப் புள்ளிக்காரியைக் குடுத்து மாத்திட்டு, சத்தமே போடாத கோழி வேணும்னு கேட்டான். கோழிக்காரர் ஒண்ணை எடுத்து நிறுத்துனாரு. நெட்டைக் காலு, நிமிந்த கழுத்து, போலீஸ்காரர் கணக்கா நின்னுச்சு. சண்டைக்கோழி சாதிப் பொட்டை, வாயே திறக்காதுன்னாரு. அந்த மனுசன் சொன்னதுல பொய் இல்ல தங்கம். வாயை அது திறக்கவே இல்ல.

கிரைண்டரை மூணு சுத்து சுத்திக் கொல்லையில விட்டான். அங்க தேச்சுக் கவுத்த சில்வர் குடம் பளபளன்னு வெயில்ல காயுது. கோழி கிட்டப் போய் உத்துப் பாத்துச்சு. உள்ளுக்குள்ள இன்னொரு கோழி உத்துப் பாக்குது! விடுமா இது? டங்! டங்! டங்! தவசி உஷ்னு சொல்லிக் குடத்தை எடுத்து ஒளிச்சான். அது தாம்பாளத்துக்குப் போச்சு. ணங்! ணங்! ணங்! உஷ்னு தாம்பாளத்தை ஒளிச்சான். அது சைக்கிள் மட்கார்டுக்குப் போச்சு. டொக்! டொக்! டொக்! தவசி குதிகால் தரையில படாம அங்கிட்டும் இங்கிட்டும் அலையுறான். உள்ள பஞ்சவர்ணம் புரண்டு புரண்டு படுக்குறா.

அன்னைக்கு ராத்திரி மில்லுல அவளுக்குக் கண்ணு சொக்கிருச்சு. விடியக்கால விரல்ல துணி சுத்திக்கிட்டு வந்தா. பயப்படாத, பயப்படாத, நகம்தான் பேந்துச்சு, விரலு இருக்கு. கூட நின்ன பொண்ணு வெடுக்குனு இழுத்துட்டா. ஆனா தவசி அந்த விரலைப் பாத்துட்டு அழுதான். ஆம்பளை அழக்கூடாதுன்னு எவன் சொன்னான்? நல்லா அழுதான்.

"கோழியும் வேணாம், முட்டையும் வேணாம். விட்டுருங்க"ன்னா அவ.

விடலாம். ஆனா அவ மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கே, எப்படி விடுவான்? இந்த ஒரு தடவை, இதுவும் சரியில்லேன்னா கோழின்னே பேச மாட்டேன்னு சொல்லிட்டு, போலீஸ்காரக் கோழியைத் தூக்கிக்கிட்டு மூணாவது தடவையாக் கெளம்புனான். ம் சொல்லுடா. தூங்கிட்டியா? இல்லையா? சரி.

இந்தத் தடவை அவன் அழகையும் பாக்கல, யார் பேச்சையும் கேக்கல. மடியில ஒரு டம்ளரும் கரண்டியும் கொண்டு போயிருந்தான். ஒவ்வொரு கோழிக்கூடை முன்னாலயும் குத்தவச்சு, டிங்கு டிங்கு டிங்குன்னு தட்டுனான். கூடைக்குக் கூடை படபடபடன்னு இறக்கை அடிக்குது, சந்தை பூராம் இறகு பறக்குது. ஏப்பா, நீ கோழி வாங்க வந்தியா, கரகாட்டம் ஆட வந்தியான்னு கோழிக்காரம்மாக்கள் வையுறாங்க. அவன் காதுலயே வாங்கல. கடைசிக் கூடையில டிங்கு டிங்குன்னான். உள்ள ஒரு குட்டைக்காலு கோழி, மண்ணு நிறம், ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். தலையைச் சாச்சு ஒத்தக் கண்ணால அவனைப் பாத்துச்சு. இவனுக்கு வேற வேலை இல்லபோலன்னு நினைச்சுதோ என்னமோ, திரும்பக் குனிஞ்சு கம்பைக் கொத்த ஆரம்பிச்சிருச்சு. அது சிறுவிடைக் கோழி. தவசி அப்படியே அள்ளி எடுத்துக்கிட்டான்.

கிரைண்டரை ரெண்டாவது சுத்து வர்றப்பவே அது அவன் கக்கத்துல கண்ணசந்திருச்சு. கொல்லையில விட்டா, கொர்ர், கொர்ருன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டு மண்ணைக் கிளறும். பூனை வந்தா, மதிலை விட்டு இறங்காதவரைக்கும் உன் பாடு உனக்குன்னு விட்டுரும். பஞ்சவர்ணம் நிம்மதியாத் தூங்குனா. தவசி கோழிக்கு மல்லிப்பூ சூட்டாத குறைதான்.

அப்புறம் ஒரு நாள் நல்ல மத்தியானம். கோழி பூக்கூடைக்குள்ள ஏறி, வாடுன கனகாம்பரத்து மேல உக்காந்துச்சு. ரொம்ப நேரம் உக்காந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு வெளிய குதிச்சுச்சு பாரு, கொக் கொக் கொக் கொக்கேய்ய்! கொக் கொக் கொக் கொக்கேய்ய்! முட்டையிடுற கோழிக்குத்தான் வலி தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? போட்டதை ஊருக்குச் சொல்ல வேணாமா? எம்புட்டுச் சாதுவானாலும் அதைச் சொல்லாத கோழி கிடையாது. இது தவசிக்கு எங்க தெரியுது? ஐயோ போச்சுன்னு பதறுனான். உஷ், உஷ், உஷ்! துண்டைப் போட்டுப் பிடிக்கப் பாத்தான், அது துள்ளுச்சு. பாஞ்சான், துவைக்கிற கல்லு தடுக்குச்சு. தண்ணித் தொட்டிக்குள்ள தொபுக்கடீர்! வாளி உருண்டுச்சு, கடகடகடகட.

கதவு திறந்துச்சு.

தவசி தொட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டே கையெடுத்துக் கும்பிட்டான். இந்தக் கோழியையும் நாளைக்கே குடுத்துர்றேன்னு கெஞ்சுனான். பஞ்சவர்ணம் அவனைப் பாத்தா. கோழியைப் பாத்தா. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

"எனக்குச் சத்தம் புதுசாங்க? மில்லுல அத்தனை மெஷின் ஒண்ணா அலறுது, அதுலயே எனக்குக் கண்ணு சொக்குது. நீங்க உஷ் உஷ்னு பூனை மாதிரி நடக்குறீங்க பாருங்க, வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான்னு அப்பத்தான் தூக்கிவாரிப் போடுது."

"அப்ப அந்தப் புள்ளிக்கோழி?"ன்னான் தவசி.

"அது பாதித் தூக்கத்தைக் கெடுத்துச்சு. மீதியை நீங்க கெடுத்தீங்க."

அப்புறம் அவளே கூடையில கை விட்டு முட்டையை எடுத்தா. இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. தவசி சொட்டச் சொட்ட நனைஞ்சபடியே போய், கரண்டியில ஊத்தி, மிளகு தூவிச் சுட்டுக் குடுத்தான். உவ்வே இல்ல, ஒண்ணும் இல்ல. வழிச்சுத் தின்னுட்டு, இனிமே நான் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் நீங்க உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா.

தவசி பாயில உக்காந்தான். கோழிக்கு இன்னும் ஆறல. கொக் கொக் கொக் கொக்கேய்ய்! தவசிக்கு உஷ்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டான். கொக் கொக் கொக்கேய்ய்! கை பரபரங்குது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டான். கொக் கொக் கொக்கேய்ய்!

உள்ள இருந்து பதில் வந்துச்சு. கொர்ர்ர்ர்... புஸ்ஸ்... கொர்ர்ர்ர்... புஸ்ஸ்... பஞ்சவர்ணத்தோட கொறட்டை. கோழியை விடச் சத்தமா.

ம்?

ம் வரலையே. சரி, கோழி கூட்டுக்குள்ள போயிருச்சு, கதையும் கூடவே போயிருச்சு, கதவையும் சாத்தியாச்சு. தூங்குடா தங்கம். நான் உஷ்னுகூடச் சொல்ல மாட்டேன்.