பெருச்சாளிக்குக் கதவு எங்க?

“இதுக்குள்ள இருக்கறவங்க எப்படி இறங்குவாங்க?”

இப்படி ஒரு சின்னக் குரல் காதுல விழுந்துச்சு பாரு, அங்கதான் இந்தக் கதை மாட்டிக்கிச்சு. யார் காதுலன்னு கேக்கறியா? கால நீட்டிப் படு, சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு பல்லு செய்யற அக்கா இருந்தா.

“பல்லு செய்வாங்களா, சித்தி?”

பின்ன? உன் தாத்தா கழட்டி டம்ளர் தண்ணியில போட்டு வெக்கறாரே, அது மரத்துலயா காய்க்குது? அந்த அக்கா பேரு தமயந்தி. டாக்டருங்க அளவு எடுத்து அனுப்புவாங்க, இவ லேப்ல உக்காந்து பல்லு, ஈறு, கம்பிக் கொக்கி எல்லாம் செஞ்சு குடுப்பா. ஊரு வாயெல்லாம் அவ கையில. அவ வாய் மட்டும் மூடியே இருக்கும். பஸ்ல “ஸ்டாப்பிங்ல நிறுத்துங்க”ன்னு சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கி நடந்து வருவா. கேக்கறியா?

“ம்.”

அவளுக்கு ஒரு ஆசை. பிளாஸ்டிக்ல குட்டி குட்டி வண்டி ஒட்டறது. பெட்டியில சட்டத்தோட துண்டு துண்டா வரும், கிள்ளி எடுத்து ஒட்டினா ஏரோப்ளேன் ஆகும், கப்பல் ஆகும். ஒரு நாள் ராயப்பன்னு ஒருத்தர் கடையில, கிழிஞ்ச பெட்டின்னு பாதி விலைக்கு ஒரு டாங்கி வாங்கினா. வீட்டுக்கு வந்து தொறந்தா, அடிப்பாகம் இருக்கு, சக்கரம் இருக்கு, சங்கிலிப் பட்டை இருக்கு. மேல மூடி இல்ல. பீரங்கி இல்ல. உக்காந்த மாதிரி ஒரே ஒரு சிப்பாய் மட்டும் ஓரத்துல கெடக்கறான்.

வேற யாரா இருந்தாலும் கடைக்குத் திரும்பப் போயி சண்டை போட்டிருப்பாங்க. இவளுக்குச் சண்டைக்கு வாய் வேணுமே! அப்போ அவ அந்தச் சிப்பாயப் பாத்தா. “சரி, பீரங்கி போனா போகுது. உன்ன மாதிரி பத்துப் பேர ஏத்திட்டுப் போற வண்டி செய்வோம். குண்டு பட்டாலும் உள்ள ஒண்ணும் ஆகக் கூடாது. எந்த நாட்டுலயும் இல்லாத வண்டி” அப்படின்னா. அதுக்குப் பேரும் வெச்சா. பெருச்சாளி!

“ஹிஹி.”

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

அப்புறம் மேல் சுவருக்குப் பிளாஸ்டிக் வேணுமில்ல? தயிர் டப்பா மூடிய வெட்டினா. பசை போட்டா. வழுக்கிட்டு வந்துடுச்சு. எண்ணெய் பூசின மாதிரி அதுல ஒண்ணுமே ஒட்டல. அப்புறம் பீரோ மேல பாத்தா, அவங்க அம்மாவோட பழைய பாட்டு சிடி அடுக்கி இருக்கு. அந்தக் கண்ணாடி மாதிரி கவரு இருக்கே, அதக் கத்தியால கீறி, மேஜை ஓரத்துல வெச்சு அமுக்கினா... டிக்! நேர் கோடா ஒடஞ்சுது. பசையும் ஒட்டுச்சு. டிக், டிக், டிக்.

“என்னடி சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா.”

“முருகன் பாட்டு கவரு எங்கடி?”

“முருகன் வண்டியேறிட்டாரும்மா.”

டீ வடிகட்டி வலைய வெட்டி, பின்னாடி இஞ்சினுக்குக் காத்து போற ஜன்னல் ஆக்கினா. தீந்து போன ரீஃபில் புகைக்குழாய் ஆச்சு. அந்த ஒத்தச் சிப்பாய, பல்லுக்கு அளவு எடுக்கற மாதிரியே அச்சு எடுத்து, அச்சுல ஈறு செய்யற மாவ ஊத்தி, அவன மாதிரியே ஒம்பது பேர எடுத்தா. ஈறு என்ன கலரு?

“ரோஸு.”

ஆங். அப்போ சிப்பாய் எல்லாம் ரோஸு! ஒரே மூஞ்சி வேற. அவங்க அம்மா எட்டிப் பாத்துட்டு, “ஒரே பிரசவத்துல இத்தனையா? பெத்தவ பாவம்”ன்னாங்க. துணைக்கு இருக்கட்டும்னு அந்த மொதல் சிப்பாய்க்கும் ரோஸ் பெயிண்ட் அடிச்சு, பத்துப் பேரையும் துளித்துளி மெழுகு வெச்சு சீட்ல உக்கார வெச்சா. பல்லு லேப்புல எதையும் மொதல்ல மெழுகுலதான் நிறுத்துவாங்க, அந்தப் பழக்கம். மேல கூரைய ஒட்டினா. பச்சை பெயிண்ட் அடிச்சா. முடிஞ்சுது!

“ம்...”

இன்னும் முடியல. ராயப்பன் மாதிரி கடைக்காரங்க எல்லாம் சேந்து வருஷா வருஷம் இந்தக் குட்டி வண்டிக்கெல்லாம் கண்காட்சி வெப்பாங்க. அதுல சொந்தமா செஞ்சதுக்குன்னு தனியா ஒரு மேஜை. மூணு வருஷமா அது காலியாவே கெடக்கு. ஏன்னா ஒரு சட்டம். செஞ்சவங்க பக்கத்துல நின்னு, கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும். சொல்லலைன்னா வண்டிய எடுத்து மேஜைக்கு அடியில வெச்சிருவாங்க. பெருச்சாளிய அந்த மேஜை மேல பாக்கணும்னு தமயந்திக்கு அவ்வளவு ஆசை. ஆனா நின்னு பேசணுமே!

பயந்துகிட்டே வண்டிய எடுத்துட்டுப் பேரு குடுக்கப் போனா. ராயப்பன் கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டு, “ஏனுங்க அம்மிணி, பெட்டியில இருக்கறத ஒட்டறதுக்கே இங்க ஆளக் காணோம். நீங்க சொந்தமாவே செஞ்சுட்டீங்களாக்கும்? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க, பாப்போம்”ன்னாரு. அவரு பேத்தி மித்து, அஞ்சு வயசு, கல்லாவுக்குக் கீழ உக்காந்து ஸ்லேட்டுல கிறுக்கிட்டு இருந்தா. அவதான் எட்டிப் பாத்துட்டு, யாருகிட்டயும் இல்லாம, தனக்குத்தானே கேட்டா:

“இதுக்குள்ள இருக்கறவங்க எப்படி இறங்குவாங்க?”

தமயந்திக்குக் குப்புனு வேர்த்துடுச்சு. நிஜந்தானே! கதவே இல்ல! பத்துப் பேர உள்ள வெச்சு ஒட்டிட்டா.

“ஐயோ.”

ஐயோதான். வீட்டுக்கு ஓடி வந்தா. கூரையில கதவு வெப்போமான்னு பாத்தா. வேணாம், எம்பி ஏறித் தலைய நீட்டினா மேல குண்டு வரும், டொப்! பக்கத்துல வெப்போமான்னு பாத்தா. அங்க சக்கரம் உருளும், கடகடகட, கால் மாட்டிக்கும். பின்னாடி வெப்போமான்னு பாத்தா. டாங்கிக்குப் பின்னாடிதான் இஞ்சின் இருக்கும், இவளும் அப்படியே விட்டுட்டா. இஞ்சின் வழியா இறங்கினா புஸ்ஸுனு சுட்டுடுமே! முன்னாடி? முன்னாடி எதிராளி நிப்பான்.

சோறு எறங்கல. வண்டிய மேஜையில வெச்சு மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்துட்டா. அப்போ அவங்க அம்மா தட்டு வெக்க எடம் வேணும்னு பெருச்சாளிய ஒரு தள்ளு தள்ளினாங்க. அது சர்ர்ருனு அரைச் சுத்து சுத்தி நின்னுச்சு. பின்பக்கம் முன்னாடி வந்துடுச்சு!

தமயந்தி எந்திரிச்சு அம்மா கன்னத்துல ஒரு முத்தம் குடுத்தா.

“என்னடி ஆச்சு உனக்கு?”

“திருப்பி வெச்சா போதும்மா! இஞ்சின் முன்னாடி போயிடும், வர்ற குண்ட அது வாங்கிக்கும். இந்தப் பக்கம் பின்பக்கம் ஆயிடும். கதவு இங்க!”

சனிக்கிழமை மத்தியானம் லேப்ல யாரும் இல்ல. பல்லு ராவற மிஷின எடுத்தா. ஙொய்ய்ய்ங்! பிளாஸ்டிக் சூடாச்சு. சூடாச்சுன்னா மெழுகு என்ன ஆகும்?

“உருகும்...”

உருகுச்சு. உள்ள டொக். டொக். டொக். ஒவ்வொருத்தனா சீட்லேருந்து கவுந்தாங்க. அவ நிறுத்தல. கொஞ்சம் ராவினா, ஊதினா, ஆற விட்டா. ஙொய்ய்ங், ஃபூ. ஙொய்ய்ங், ஃபூ. கடைசியில ஒரு சின்னச் சதுரம் கையோட வந்துடுச்சு. சாய்மானமா கீழ விழற கதவு. ரெண்டு குண்டூசி கீலு. பல்லு செட்டு நழுவாம கவ்விக்க ஒரு கம்பிக் கொக்கி வெப்பாங்க, அதுலேருந்து ஒண்ணுதான் தாப்பாள். மூடினா டக். தொறந்தா டக். டிரைவர் ஜன்னல இஞ்சின் பக்கமா மாத்தி ஒட்டினா. கவுந்த பத்துப் பேரையும் இடுக்கியால வெளிய எடுத்து, கதவு வழியாவே திரும்ப உள்ள விட்டு மெழுகு வெச்சா. இப்போ ஏறவும் வழி ஆச்சு. தூங்கிட்டியா?

“...ம்ஹூம்.”

ஞாயித்துக்கிழமை. தனி மேஜை. அதுல பெருச்சாளி, முன்னாடி “தொடக்கூடாது”ன்னு ஒரு அட்டை. பக்கத்துல தமயந்தி, கைக்குட்டையக் கசக்கிட்டு நிக்கறா. ராயப்பன் பூதக்கண்ணாடியோட வந்தாரு.

“இது எந்த நாட்டு வண்டிங்க?”

தலைய மட்டும் இல்லன்னு ஆட்டினா.

“எந்த வருஷத்துது?”

அதுக்கும் தலைதான் ஆடுச்சு.

“இஞ்சின முன்னாடி வெச்சிருக்கீங்க. தெரியாம தலைகீழா ஒட்டிட்டீங்களாக்கும்?”

சுத்தி நின்ன ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவரு பெருச்சாளிய எடுக்கக் கைய நீட்டினாரு. மேஜைக்கு அடியில வெக்க!

“தெரிஞ்சுதாங்க வெச்சேன்.”

யாரு பேசினாங்கன்னு தமயந்தியே திரும்பிப் பாத்தா. அப்புறம் அவ குரல்தான்னு புரிஞ்சுது.

“குண்டு இஞ்சின்ல படட்டுங்க. ஆளுங்க மேல படக் கூடாது. அவங்க பின்னாடி வழியா பத்திரமா இறங்கணும். கேட்டது உங்க பேத்திதாங்க.”

ராயப்பன் கை அப்படியே நின்னுச்சு. அவரு வேட்டிக்குப் பின்னாடிலேருந்து மித்து தலைய நீட்டினா. “இறங்குவாங்களா? நான் பாக்கலாமா?”

“மித்து! கை!”ன்னாரு தாத்தா.

தமயந்தி “தொடக்கூடாது” அட்டைய எடுத்து, தன் கைப்பையில போட்டுக்கிட்டா. மித்துவோட விரலப் புடிச்சுக் கொக்கியில வெச்சா.

டக்.

கதவு சாஞ்சுது. மித்து குனிஞ்சு பாத்து, “ரோஸ் மாமா!”ன்னு கத்தினா. ராயப்பனும் குனிஞ்சாரு. சிரிச்ச ரெண்டு பேரும் குனிஞ்சாங்க. மித்து ஒவ்வொருத்தரா மெல்ல எடுத்தா. ஒண்ணு... ரெண்டு... மூணு... மெழுகு விடற சத்தம் மட்டும், ப்ளக்... ப்ளக்... நாலு... அஞ்சு... கேக்கறியா?

“...”

ஆறு... ஏழு... எட்டு... ஒம்பது... பத்து. எல்லாரும் உக்காந்த மேனிக்கு இருக்காங்க இல்ல, நிக்க வெச்சா விழுந்து விழுந்து போறாங்க. மித்து யோசிச்சா. தமயந்தி கையிலேருந்து கைக்குட்டைய வாங்கி மேஜையில விரிச்சா. பத்துப் பேரையும் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா, முட்டிய மடக்கிட்டு, உன்ன மாதிரியே. கைக்குட்டையோட மறுபாதிய எடுத்து, கழுத்து வரைக்கும் போத்திவிட்டா.