சடையப்பர் நிலத்துக்கு மான் வரவில்லை

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே குரு பூவாத்தாள் அம்மை. சீடர்களில் ஒருவர், சடையப்பர், அம்மையைவிட மூத்தவர். கோயில் நந்தவனம் பார்த்துவிட்டு மடத்துக்கு வந்தவர்.

மடத்துக்குப் பின்னால் கிடந்த புதர்க்காட்டை அம்மை அவர் பொறுப்பில் விட்டார்.

"மான் வந்து தங்கணும் சடையப்பரே. அடுத்த வருஷம் மழை வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா தென்னை வைக்கக் கேக்கிறார் பொன்னுரங்கம்."

பொன்னுரங்கம் மடப்பள்ளிக்காரர். அவர் குழம்புக்கு எத்தனை தேங்காய் உடைத்தாலும் போதாது.

சடையப்பர் இறங்கினார். புதரை வெட்டினார். முள்ளைப் பொறுக்கினார். சருகைக் கூட்டி அள்ளினார். குட்டை தோண்டினார், புல் விதைத்தார். சாமிக்குப் பூப்பறிக்கிற தோட்டம் மாதிரி நிலம் பளிச்சென்று ஆனது.

மான் மட்டும் வரவில்லை.

"என்ன ஓய், வெத்தலை பாக்கு வச்சு அழைக்கலையா?" என்றார் பொன்னுரங்கம். "நான் குழி எடுக்க ஆரம்பிக்கட்டுமா?"

சடையப்பருக்குச் சோறு இறங்கவில்லை. அம்மையிடம் போனார்.

"தண்ணி இருக்கும்மா. புல் இருக்கு. கால்ல குத்த ஒரு முள் இல்ல. இன்னும் என்னதான் குறை?"

அம்மை வந்தார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, புல்லுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"இப்ப சிறுத்தை வருது. எங்க போவீங்க?"

சடையப்பர் நாலு பக்கமும் பார்த்தார். எழுந்துபோய் அரிவாளையும் துடைப்பத்தையும் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

குட்டையைச் சுற்றிப் புல்லை மட்டும் பார்த்துக்கொண்டார். மற்ற இடத்தில் வெட்டின கட்டையெல்லாம் துளிர்த்தது. சூரை முள்ளும் காரை முள்ளும் மண்டின. சருகு விழுந்த இடத்திலேயே கிடந்தது. கை அரிப்புத் தாங்காமல் மடத்து வாசலையே மறுபடி மறுபடி கூட்டினார், பாவம்.

மறு வருஷம் மழை இறங்கியது. ஒரு காலை, தூறலில், தென்னங்கன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பொன்னுரங்கம் நின்றார்.

"மானைப் பார்த்தீரா ஓய்?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அம்மை முன்னால் நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். புதருக்குள்ளே ஏதோ சலசலத்து ஓய்ந்தது. புதர் ஓரம் புல் அமுங்கி, ஆள் படுத்து எழுந்த மாதிரி கிடந்தது. சுற்றிலும் ஈரம். அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.

சடையப்பரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார் அம்மை.

கதகதவென்று இருந்தது.

பொன்னுரங்கமும் குனிந்து தொட்டுப் பார்த்தார். தென்னங்கன்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழி திரும்பினார்.

சடையப்பர் கையை எடுக்கவே இல்லை. "நம்மளக் கண்டதும் ஓடிடுச்சேம்மா," என்றார்.

போகிறவர் காதிலும் விழட்டும் என்று அம்மை குரலை உயர்த்தினார்.

"ஓடி ஒளிய இடம் இருக்கப்போய்த்தானே இங்க வந்து படுத்துச்சு, சடையப்பரே!"