ஒன்பதரை மணிக்கு மாறிய முகவரி

மணப்பாறையில் ஆண்டியப்பன் என்று ஒரு முறுக்குக் கடை முதலாளி இருந்தார். தான் சொன்னால் எண்ணெய்கூடக் கொதிப்பதை நிறுத்தும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கடையின் இணையதளம், அதைத் தாங்கும் பழைய கணினியான சர்வரிலிருந்து புது சர்வருக்குப் போகும் நாள் வந்தது. கணினி பார்க்கும் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"ஒன்பதரைக்கு நல்ல நேரம். வியாபாரிகள் சங்கத்துக்காரங்க வர்றாங்க. அப்போ உலகம் பூரா புதுத் தளம் தெரியணும். ஒருத்தருக்குப் பழசு தெரிஞ்சாலும் உனக்கு வேலை இல்ல."

"முகவரி மாறினது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு நாளாவது ஆகும், முதலாளி. அதுவரைக்கும் சில போன் பழைய சர்வருக்குத்தான் போகும்."

"அது மத்தவங்களுக்கு. சொல்றது ஆண்டியப்பன்!"

"சரிங்க முதலாளி" என்று போனவள் முகவரியை மாற்றினாள். கூடவே புதுப் பக்கங்களைப் பழைய சர்வரிலும் ஏற்றிவைத்தாள். இனி யார் எங்கே போனாலும் கண்ணில் படுவது ஒன்றுதான்.

ஒன்பதரைக்கு மாலையும் கழுத்துமாக முதலாளி போனைத் திறந்தார். புதுத் தளம்! சங்கத்தார் போன்களிலும் அதுவே.

"பாத்தீங்களா, இன்டர்நெட்டே என் பேச்சைக் கேக்குது! ஏம்மா, அந்தப் பழைய சர்வரை இப்பவே மூடு."

"நாளைக்கு மூடலாமே, முதலாளி."

"மூடுன்னா மூடு!"

மூடினாள். முதலாளி தளத்தை மறுபடி திறந்தார்; போன் திரை வெள்ளையாகிவிட்டது. பக்கத்தில் சங்கச் செயலாளர் போனில் முறுக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"என்னம்மா இது?"

"செயலாளர் ஐயா போன் உங்க உத்தரவுப்படி புது இடத்துக்குப் போயிடுச்சு. உங்க போன்தான் இன்னும் உங்க பேச்சைக் கேக்கல, முதலாளி."

சிரிப்பை அடக்கச் சங்கத்தார் அவசரமாக முறுக்கைக் கடித்தார்கள்.

"திற, திற!"

"எப்ப மூடட்டும், முதலாளி?"

"என்னைக் கேட்டா? நாளைக்கும் நீதானே கணினி பாக்கப்போற!"